கொப்பரைக்கு ஒரு மூடி

"என் சம்சாரம் அழுகறத நிறுத்த ஒரு வழி சொல்லுங்க" என்றார் சென்னியப்பன்.

வேலாத்தாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முறத்தில் கிடந்த உலர்ந்த திராட்சைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா அழுகறாங்க?"

"ரெண்டு வருசமாச்சுங்க."

"எதுக்கு?"

"வீட்டுல ஒரு காரியம் ஆயிப்போச்சுங்க."

"என்ன காரியம்?"

"அது ஆயிப்போச்சுங்க. அதப் பேசி இப்ப என்ன ஆகப்போகுது."

வேலாத்தாள் இன்னும் நாலைந்து காம்பு கிள்ளினார்.

"நீங்க என்ன வேலைங்ண்ணா?"

"பேட்டர்ன் வேலைங்க. பவுண்டரில இரும்பு வார்க்கறதுக்கு முன்னால, அதே உருவத்த மரத்துல செஞ்சு குடுக்கோணும். முப்பத்தஞ்சு வருசம் அதத்தான் செஞ்சனுங்க."

"அப்படீன்னா நம்ம கொப்பரைக்கு ஒரு மூடி செஞ்சு குடுங்க. இருந்தத கரையான் தின்னுபோச்சு."

"நான் கேட்டதுக்கு..."

"கேட்டுச்சுங்ண்ணா. மொதல்ல மூடி ஆகட்டும்."

அத்தோடு பேச்சு முடிந்தது. வேலாத்தாள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சென்னியப்பனுக்குக் கொஞ்சம் சுள்ளென்றுதான் இருந்தது. அவருக்கு வயது அறுபத்துநாலு. அந்த அம்மாவுக்கு நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். மருந்து கேட்டு வந்த இடத்தில் தச்சு வேலை கொடுத்தால் யாருக்குத்தான் சுள்ளென்று இருக்காது.

ஆனாலும் எழுந்துபோய்க் கொப்பரையைப் பார்த்தார். வேலை என்று காதில் விழுந்துவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

*

மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். அமாவாசைக்கு அமாவாசை சனங்கள் வருவார்கள். பசி எடுக்காதவர்கள், தூக்கம் பிடிக்காதவர்கள், பிள்ளை பெற்று உடம்பு தேறாதவர்கள். எல்லோருக்கும் மடத்தம்மா வேலாத்தாள் திராட்சை அரிஷ்டம் கொடுப்பார்.

அதை மடத்திலேயேதான் செய்தார்கள். ஈயம் பூசிய செம்புக் கொப்பரையில் திராட்சையும் தண்ணீரும் போட்டு, நாலில் ஒன்றாக வற்றும் வரைக்கும் காய்ச்ச வேண்டும். வடிகட்டி, ஆறவைத்து, வெல்லமும் காட்டாத்திப் பூவும் சேர்த்து, ஜாடியில் ஊற்றி ஒரு மாதம் புளிக்க விட வேண்டும். பிறகுதான் அது மருந்து.

மடத்தம்மா உடம்புக்கும் பார்ப்பார், மனசுக்கும் பார்ப்பார் என்று யாரோ சொல்லித்தான் சென்னியப்பன் மனைவி மரகதத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இங்கேயும் சரிப்படாவிட்டால் அவளைத் தாராபுரத்தில் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தார். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

கல்நெஞ்சுக்காரர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. ஒரே மகன். நவநீதன். இருபத்தாறு வயதில் ஒரு லாரி அவனைக் கொண்டுபோனது. காரியம் முடிந்த மறுநாளே சென்னியப்பன் அவன் படத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அவன் சட்டைகளைக் கொடுத்துவிட்டார். வருகிறவர்கள் அவன் பேச்சை எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார். தானும் உடைந்துவிட்டால் வீடு மொத்தமும் உட்கார்ந்துவிடும் என்று அந்த மனுசன் பயந்தார். அது உண்மையான பயம்தான்.

"சென்னியப்பன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, என்ன திடம்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. வந்தபோது அவர் மறுக்கவில்லை.

மரகதம் மட்டும் அழுதாள். காபி ஆற்றும்போது அழுதாள். கறிவேப்பிலை உருவும்போது அழுதாள். "போதும் மரகதம்" என்பார் அவர். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள். அங்கே போய் அழுவாள்.

*

மடத்துப் பின்கட்டில் பழைய பலா மரப் பலகைகள் கிடந்தன. அதில் மூன்றைத் தேர்ந்தெடுத்தார். விளிம்போடு விளிம்பு சேர்த்து, மேலே இரண்டு குறுக்குச் சட்டம் கொடுத்து, மூங்கில் ஆணி அடித்து இறுக்கினார். கொப்பரையின் வாயை நாலு பக்கம் அளந்தார். அது சரியான வட்டமாக இல்லை, ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருந்தது. அந்த நசுங்கலையும் மூடியில் கொண்டுவந்தார்.

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார்கள். சென்னியப்பன் விரலால் தடவியே அரை நூல் வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்.

அவரும் மரகதமும் மடத்திலேயே தங்கிக்கொண்டார்கள். எட்டு நாள் ஆனது.

மூடி கொப்பரையின் வாய்க்குள் இறங்கி உட்கார்ந்தபோது சுற்றிலும் ஒரு காகிதம் நுழைய இடமில்லை. மடத்துப் பெண்கள் கூடி நின்று பார்த்தார்கள். ஒருத்தி தட்டிப் பார்த்தாள்.

வேலாத்தாளும் வந்து பார்த்தார்.

"இறுக்கமா இருக்குதுங்ண்ணா" என்றார்.

"இருக்கோணுமல்லங்க" என்றார் சென்னியப்பன்.

வேலாத்தாள் அடுப்பு மூட்டச் சொன்னார்.

இதற்குள் மரகதம் அந்தப் பெண்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். காம்பு கிள்ளினாள், வெல்லம் தட்டினாள், மகனைப் பற்றிப் பேசினாள். பேசப் பேச அழுதாள். யாரும் அவளை அடக்கவில்லை. "அப்புறம் என்ன ஆச்சுங்கக்கா?" என்று கேட்டுவிட்டுக் காம்பு கிள்ளினார்கள். சென்னியப்பனுக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

"ஏனுங்கம்மா, இங்க வந்ததுல இருந்து முன்னைவிட எச்சா அழுகறா" என்று வேலாத்தாளிடம் முறையிட்டார்.

"ஆமாங்ண்ணா. எச்சாத்தான்."

"வைத்தியம் எப்பங்க ஆரம்பிப்பீங்க?"

"மூடிய மொதல்ல பார்ப்போம்."

*

பார்த்தார்கள்.

தண்ணீர் சூடேறி ஒரு நாழிகை வரைக்கும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு ஆவி கிளம்பியது. ஆவியைக் குடித்துப் பலா உப்பியது. காகிதம் நுழையாத இடத்தில் மரம் எங்கே போய் உப்பும். செம்பை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

உள்ளே கொதி ஏறியது. இரண்டு பலகை சேரும் இடத்தில் சீறிக்கொண்டு ஒரு சந்து விட்டது. திராட்சைத் தண்ணீர் அது வழியாகப் பீய்ச்சி அடுப்பில் விழுந்தது. பெண்கள் விலகி ஓடினார்கள். சென்னியப்பன் துணியைச் சுற்றிக்கொண்டு குறுக்குச் சட்டத்தைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. கை வெந்ததுதான் மிச்சம்.

"விடுங்ண்ணா" என்றார் வேலாத்தாள். குனிந்து விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார்.

"உள்ள இருக்கறது?"

"இருக்கட்டும்."

"மூடி?"

"காயட்டும்."

இரண்டு நாள் வெயிலில் காய்ந்த பிறகு மூடி தானாகவே கழன்றது. உள்ளே இருந்தது அதற்குள் கெட்டு நாற ஆரம்பித்திருந்தது. வேலாத்தாள் அதைத் தென்னை மரத்துக்கு ஊற்றச் சொன்னார். ஒரு முறம் திராட்சை போயிற்று. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

அதுதான் சென்னியப்பனை அறுத்தது. முப்பத்தைந்து வருசத்தில் அவர் செய்து கொடுத்த ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

கையில் மரகதம் மருந்து போட்டுவிட்டாள். போடும்போது அழுதாள்.

"வெந்தது எனக்கு" என்றார் அவர்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

*

இரண்டாவது தடவை அவர் ஏமாறத் தயாராக இல்லை.

பலகைகளுக்கு நடுவில் விட்ட சந்தை மறுபடி இறுக்கினார். விளிம்பைச் சுற்றிலும் இழைத்து ஒரு நூல் இடம் விட்டார். மரம் எவ்வளவு வேண்டுமானாலும் உப்பட்டும். அந்த இடைவெளியில் ஆவி போய்விடக் கூடாதே என்று ஈரத் துணியைத் திரித்துச் சுற்றிலும் செருகினார். தீயையும் தானே பார்த்துக்கொண்டார். சின்னத் தீ.

பொழுது விடிந்து வைத்த அடுப்பு. பொழுது சாயும் வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. துணி காயக் காயத் தண்ணீர் தெளித்தார். திறந்து பார்க்கிறேன் என்று வந்த பெண்களை விரட்டினார். மூடி உப்பவும் இல்லை, சிக்கவும் இல்லை, சீறவும் இல்லை. சென்னியப்பன் முகத்தில் பதினைந்து நாளுக்குப் பிறகு லேசாக ஒரு களை வந்தது.

சாயங்காலம் வேலாத்தாள் அளவுக் குச்சியோடு வந்தார். நாலு வெட்டுப் போட்ட மூங்கில் குச்சி. மேல் வெட்டு வரைக்கும் தண்ணீர் ஊற்றி ஆரம்பிப்பார்கள். அடி வெட்டுக்கு வந்தால் இறக்குவார்கள்.

மூடியைத் தூக்கிவிட்டுக் குச்சியை உள்ளே விட்டார். எடுத்தார். அவரிடம் நீட்டினார்.

ஈரம் மேல் வெட்டில் நின்றிருந்தது.

"ஒரு சொட்டு வெளிய போகலீங்க" என்றார் சென்னியப்பன். பழக்க தோசத்தில் பெருமையாகத்தான் சொன்னார்.

"ஆமாங்ண்ணா. ஒரு சொட்டும் போகல."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு பகல் பூராவும் ஒரு வண்டி விறகை எரித்து, ஏறின ஆவியை எல்லாம் திரும்பத் திரும்ப உள்ளேயே சொட்ட விட்டிருக்கிறார். காலையில் இருந்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"பின்ன இது வத்தறது எப்படிங்க?" என்று கேட்டார்.

வேலாத்தாள் மூடியை அவர் கையில் கொடுத்தார். கொப்பரையில் இருந்து ஆவி திரண்டு மேலே போனது. திராட்சை வாசம் கொல்லை முழுவதும் பரவியது.

"இத எங்க வெக்கட்டுங்க?"

"செவுத்தோரமா சாத்தி வையுங்ண்ணா."

"அப்ப மூடி எதுக்குத்தானுங்க?"

"கொதி வர்ற வரைக்கும்."

"கொதி வந்துட்டா?"

"எடுத்தர வேண்டியதுதான்."

"பதினஞ்சு நாளு வேலைங்க."

"நல்ல மூடிங்ண்ணா. லேசா எடுக்க வருது."

சென்னியப்பன் மூடியைச் சுவரோரம் சாத்தினார். ஒரு அடி தள்ளி நின்று அதைப் பார்த்தார். அவருக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தார்.

*

காலையில் பையை எடுத்துக்கொண்டு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கொப்பரை திறந்து கிடந்தது. தண்ணீர் இரண்டாவது வெட்டுக்கு இறங்கியிருந்தது. மரகதம் ஒரு பக்கமும் வேலாத்தாள் மறுபக்கமும் நின்று துடுப்புப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

"தாராபுரத்துக்குப் போறமுங்கம்மா" என்றார் சென்னியப்பன் வேலாத்தாளிடம். "இவ கொஞ்ச நாள் அண்ணன் வீட்டுல இருக்கட்டும்."

மரகதத்துக்கு அது புதுச் செய்தி. துடுப்பு ஒரு கணம் நின்றது. அவள் மறுபடியும் கிளறினாள்.

"போலாங்ண்ணா" என்றார் வேலாத்தாள். "இது அடி வெட்டுக்கு வர்ற வரைக்கும் அக்காகூட ஒட்டுக்கா நின்னு சித்த கிளறிக் குடுத்துட்டுப் போங்க. இன்னிக்கு ஆளு பத்தாது."

ஆள் பத்தாமல் இல்லை. பெண்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். வேலாத்தாள் தன் துடுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு அவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

புருசனும் பெண்டாட்டியும் கொப்பரைக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். நடுவில் ஆவி. ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

வெகுநேரம் கிளறினார்கள். பிறகு மரகதம் ஆரம்பித்தாள். அவரிடம் சொல்வதுபோல அவள் சொல்லவில்லை. இத்தனை நாள் பழக்கத்தில் கொப்பரையைப் பார்த்துச் சொன்னாள்.

"நவநீ அஞ்சாவது படிக்கறப்ப, ஒரு நா அவன் ஸ்கேலு ஒடைஞ்சுபோச்சு. உங்க பெட்டில இருந்து உங்க ஸ்கேல எடுத்துட்டுப் போயிட்டான்."

போதும் என்று சொல்ல சென்னியப்பன் வாயைத் திறந்தார். சூடான ஆவி முகத்தில் அடித்தது. இருமினார். அதற்குள் அவள் மேலே போய்விட்டாள்.

"கணக்கு வாத்தியார் பத்து சென்டிமீட்டர்ல கோடு போடச் சொன்னாராம். இவன் போட்டிருக்கான். அவரு அளந்து பார்த்துட்டு ஒரு மில்லிமீட்டர் எச்சா இருக்குதுன்னாராம். மறுக்காப் போடுன்னாராம். மறுக்காவும் அதே மாதிரி. இவன் என்ன சொன்னான் தெரியுங்களா? உங்க ஸ்கேலுதான் தப்பு சார், இது எங்கப்பாவுது, தப்பா இருக்காதுன்னு சொல்லியிருக்கான்."

மரகதம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"கையில நாலு அடி. செவசெவன்னு வீங்கிப்போய் வந்தான்."

சென்னியப்பன் கிளறுவதை நிறுத்திவிட்டார்.

உருக்கின இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மரத்தில் செய்யும்போதே கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே பேட்டர்ன்காரர்கள் தனியாக ஒரு ஸ்கேல் வைத்திருப்பார்கள். அதில் பத்து என்று போட்டிருக்கும் இடம் பத்தைவிட ஒரு இழை கூட இருக்கும். அந்த ஸ்கேலில் தப்பே கிடையாது. அதை வைத்துப் பள்ளிக்கூடத்தில் கோடு போட்டால்தான் தப்பு. இதெல்லாம் ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு எப்படித் தெரியும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் சென்னியப்பன்.

இரண்டு வருசத்தில் மகனைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. மரகதம் ஆவியினூடே அவரைக் கூர்ந்து பார்த்தாள்.

"சொல்ல வேண்டாம்னுட்டான். அப்பாகிட்டச் சொன்னா வெசனப்படுவாரு, அவரு ஸ்கேல யாரோ தப்புன்னு சொல்லிட்டாங்கன்னு. அதனால சொல்லாதம்மான்னுட்டான்."

"அப்புறம்?"

"மறுநாளும் அதத்தான் எடுத்துட்டுப் போனான்."

சென்னியப்பன் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது சுருக்கு ஸ்கேலு கண்ணு" என்றார். மரகதத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. "அது இரும்புக்குடா. அதுல எல்லாமே கொஞ்சம் எச்சா இருக்கும். உன்ற வாத்தியார் சொன்னது சரிதான். அப்பா உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கோணும். நாந்தான் சொல்லிக் குடுக்கல. நவநீ, நான் சொல்லிக் குடுக்கலியே சாமி."

குரல் அங்கே உடைந்தது. அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி இரண்டு வருசம் ஆகியிருந்தது. துடுப்பு கைநழுவிக் கொப்பரைக்குள் விழுந்தது. அறுபத்துநாலு வயது மனுசன் கொல்லையில் தரையில் உட்கார்ந்து, வெந்த கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, மடமே கேட்கும்படி அழுதார்.

வேப்பமரத்தடியில் இருந்து ஒருத்தி எழுந்தாள். வேலாத்தாள் அவள் சேலையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மரகதம் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. கொப்பரைக்குள் விழுந்த துடுப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். சுற்றி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண்கள் காய்ந்திருந்தன. அவர் முதுகில் கையை வைத்து, அவர் அழுது ஓயும் வரைக்கும் எடுக்காமல் இருந்தாள்.

வெயில் ஏறியது. கொப்பரையில் தண்ணீர் அடி வெட்டுக்கு வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு வருசமா" என்றாள் மரகதம், "உங்க பங்கையும் சேத்தி நாந்தானுங்க அழுதுட்டிருந்தேன்."